தமிழ்ப்பற்று நிறைய இருக்கிறது, வரவு எங்கே?

மு.கு: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிராஃப் போடும் மென்பொருள், சத்தியவேட்டு டுவாக்ரா குழு, ரூபாய்க் குறிச் சண்டை மூன்றும் இதில் வரும். மூன்றுக்கும் தொடர்பு இருக்கிறது, நம்புங்கள் :-)

எக்செல் 97-லிருந்து 2003 வரை கோட்டு கிராஃப் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் வரிசைக்குக் கருநீலச் சாய்சதுரம். இரண்டாவதற்கு இளஞ்சிவப்புச் சதுரம். மூன்றாவதற்கு மஞ்சள் முக்கோணம். உலகத்தில் இருந்த ஆபீஸ் எல்லாவற்றிலும் டெபாசிட் சாய்சதுரமாகவும், கடன் சதுரமாகவும், வாராக்கடன் முக்கோணமாகவும் வாழ்ந்தன. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. மென்பொருள் அந்த வரிசையில் கொடுத்தது, நாம் வாங்கிக்கொண்டோம். அவ்வளவுதான்.

கோட்டின் மேல் ஒவ்வொரு அளவும் விழும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன உருவத்தைத்தான் இந்தப் பதிவில் புள்ளிக்குறி என்று சொல்லப்போகிறேன். இதைப் பற்றி ஒரு பதிவா என்று சிரிக்காதீர்கள். நான் இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டுபவன். அதில் பாதிக்கு மேல் கிராஃபைப் பார்த்துத் திட்டு வாங்குவதும், கிராஃபைக் காட்டித் திட்டுவதுமாகப் போயிருக்கிறது. இப்போது மஸ்கட்டில் ஒரு வங்கியின் கடன் கண்காணிப்புப் பிரிவில் இருக்கிறேன். படித்தது பி.காம். மென்பொருள் எழுதத் தெரியாது. அடுத்தவர் எழுதியதைச் சொல்பேச்சு கேட்க வைக்கத் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஃபில் புள்ளிக்குறி அலங்காரம் இல்லை. அது கணக்கின் ஒரு சொல். நம்மிடம் அதற்குச் சொந்தமாகக் குறிகள் இருக்கின்றன. யூனிகோடு கொடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மென்பொருளும் எந்த எழுத்தையும் புள்ளிக்குறியாக வைக்க விடுகிறது. இருந்தும் நாம் வைப்பதில்லை. மேடையில் மட்டும் தமிழுக்காக உயிரைக் கொடுக்கிறோம்.

ஏன் இது முக்கியம் என்று ஊர்க் கதை ஒன்றால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சத்தியவேடு. 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாகாணமும் ஆந்திராவும் எல்லையை மாற்றிக்கொண்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த எங்கள் பக்கத்துக் கிராமங்கள் இந்தப் பக்கம் வந்தன. அதன்பின் சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, வங்கியில் ஆங்கிலம். இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

சில வருடங்களுக்கு முன் லீவில் போயிருந்தபோது அந்தப் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் (பெயர் வேண்டாம், எல்லா வங்கியும் ஒரே குட்டைதான்) சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டுவாக்ரா குழுக்களின் கணக்கு. கிராஃபில் இரண்டு கோடு, கலர் பிரிண்டை ஜெராக்ஸ் எடுத்தது. இரண்டுமே சாம்பல் நிறம். ஒன்றில் சாய்சதுரம், மற்றதில் சதுரம். ஜெராக்ஸில் இரண்டுமே கறுப்புப் பொட்டு. எந்தக் கோடு எது என்ற விளக்கம் ஓரத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

குழுத் தலைவி ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "பாத்தியா தம்பி, நம்ம குழுவோட கோடு எப்படி மேல போகுது."

மேலே போன கோடு சேமிப்பு இல்லை. தவணை தவறிய பாக்கி.

மேனேஜர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதமாக அந்தத் தாள் சுவரில் இருந்திருக்கிறது. ஆறு மாதமாக அந்தக் குழு தன் பாக்கி ஏறுவதைச் சேமிப்பு ஏறுவதாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த அக்காவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். பாஸ்புத்தகத்தில் பற்று எது, வரவு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. சாய்சதுரத்தின் அர்த்தம். அது அந்தத் தாளைத் தயாரித்தவருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அதற்கு அர்த்தமே கிடையாது!

கலர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஜெராக்ஸ் மிஷினுக்குக் கலர் தெரியாது. கண்ணுக்கும் எல்லோருக்கும் தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாகப் பிடிபடாது. நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அதிலும் பாக்கிக்குச் சிவப்பு, வசூலுக்குப் பச்சை என்று போடுவதுதானே நம் வழக்கம். கலர் போனாலும் மிஞ்சி நிற்பது உருவம் மட்டும்தான். அந்த உருவம் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டாமா?

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். கோட்டு கிராஃப், பட்டை கிராஃப் இரண்டையும் வணிகக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1786-ல் லண்டனில் அவர் போட்ட வணிக அட்லஸில் இருந்த 44 படங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு. டென்மார்க், நார்வேயுடனான வியாபாரப் படத்தைப் பாருங்கள். இறக்குமதிக் கோட்டின் மேலேயே அது இறக்குமதி என்று எழுதியிருப்பார். ஏற்றுமதிக் கோட்டின் மேலேயும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் ஒரு பக்கம் நமக்குப் பாதகமான நிலுவை, மறுபக்கம் இங்கிலாந்துக்குச் சாதகமான நிலுவை என்று எழுதியிருப்பார். ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு, கண்ணை அங்கேயும் இங்கேயும் அலைய விடவில்லை. அதாவது கிராஃப் பிறந்ததே பற்று வரவைக் காட்டத்தான். சாய்சதுரம் எல்லாம் பின்னால் வந்த ஒட்டுண்ணி.

இப்போது நம் கதை. கல்யாணப் பத்திரிகையில் சித்திரை ௴, 10 ௳ என்று பார்த்திருப்பீர்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ௸ என்று ஒரு குறி வரும். மேற்படி என்று அர்த்தம். இதே குடும்பத்தில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் உண்டு. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆக எட்டுக் குறிகள் 2003-ல் வந்த யூனிகோடு 4.0 பதிப்பில் ஏறிவிட்டன. யூனிகோடு அட்டவணையில் இவற்றின் எண்கள் 3059 முதல் 3066 வரை. பற்று 3062. வரவு 3063. ரூபாய் 3065.

அதோடு நிற்கவில்லை. ஸ்ரீரமண சர்மா கொடுத்த முன்மொழிவை வைத்து 2019-ல் யூனிகோடு 12.0-ல் தமிழுக்கென்று இன்னொரு தொகுதி வந்தது. 51 குறிகள். முந்திரி என்கிற 320-ல் ஒரு பங்கு முதல் முக்கால் வரை பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், பொன், வராகன், குழி, வேலி, வகையறா.. ஒரு முழுக் கணக்குப்பிள்ளை ஆபீஸ் அது. பக்கத்து வீட்டுத் தெலுங்கிலும் பின்னக் குறிகள், தூமு என்ற தானிய அளவைக் குறி எல்லாம் 2008-லேயே யூனிகோடு 5.1-ல் ஏறியாகிவிட்டது.

ஆக, சரக்கு இருக்கிறது. சரி, மென்பொருள் விடுமா என்று கேட்கலாம். விடும். சாதாரண வங்கிக்காரனாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆர் மொழியில் புள்ளிக்குறிக்கு 0 முதல் 25 வரை 26 ரெடிமேட் உருவங்கள். அது வேண்டாம் என்றால் அந்த இடத்தில் ஒரு எழுத்தையே கொடுக்கலாம், அல்லது யூனிகோடு எண்ணை மைனஸ் போட்டுக் கொடுக்கலாம். மைனஸ் 3063 என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் ௷ வந்து உட்காரும். ஒரே எச்சரிக்கை, வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் எடுத்தால் குறி காணாமல் போகும். கெய்ரோ பிடிஎஃப் வழியாக எடுங்கள், தமிழ் எழுத்துரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

க்னூபிளாட் 1986-லிருந்து இருக்கும் பழைய பெருச்சாளி. ஒன்று என்றால் கூட்டல், இரண்டு என்றால் பெருக்கல், மூன்று என்றால் நட்சத்திரம் என்று எண்ணால் உருவம் கேட்கும். புதிய பதிப்புகளில் எண்ணுக்குப் பதில் மேற்கோள் குறிக்குள் ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதையே புள்ளியாக வரையும்.

மேட்பிளாட்லிப் 2003-ல் ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் தொடங்கியது. அதில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதோடு வரும் டெஜாவூ எழுத்துருவில் தமிழ் கிடையாது, சும்மா எழுதினால் காலிப் பெட்டி வரும். நோட்டோ தமிழ் எழுத்துருவிலிருந்து ௷ என்ற எழுத்தை வெறும் கோட்டுருவமாக மாற்றி, அதைப் புள்ளிக்குறியாகக் கொடுக்க வேண்டும். பத்து வரி. ஒருமுறை எழுதி வைத்தால் ஆயுளுக்கும் போதும்.

இதெல்லாம் கஷ்டம் என்றால் எக்செல்லிலேயே குறியை ஒரு சின்னப் படமாகச் செய்து, காப்பி அடித்து, கோட்டைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் புள்ளிகள் எல்லாம் அந்தப் படமாக மாறும். லிப்ரே ஆபீஸிலும் கோப்பிலிருந்து குறி எடுக்கும் வசதி உண்டு. ஆக, மென்பொருள்காரன் மேல் பழி போட முடியாது.

இன்னொரு விஷயம், இதுதான் என்னை இந்தப் பக்கம் முழுசாக இழுத்தது. குறி எதற்கு, கிராஃபில் 'வரவு', 'செலவு' என்று சொல்லாகவே எழுதிவிடலாமே என்று முதலில் தோன்றும். எழுதிப் பாருங்கள். மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் எழுத்துகளைக் கோக்கத் தெரியாதவை. வந்த வரிசையில் அப்படியே அடுக்கும். தமிழில் எகரக் கொம்பு நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்கு முன்னால் தெரிய வேண்டும். அதைத் திருப்பிப் போட ஆள் இல்லாததால் 'செலவு' என்று எழுதினால் கொம்பு 'ச'-வுக்குப் பின்னால் போய்த் தொங்கும். 'பற்று', 'வரவு' இரண்டிலும் கடைசி எழுத்தின் உகரம் ஒட்டாமல் அறுந்து நிற்கும். கணக்கில் அதிகம் தேவைப்படும் மூன்று சொல்லும் காலி! (க்னூபிளாட்டில் கெய்ரோ வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை.) ஆனால் ௶, ௷, ௹ மூன்றும் ஒற்றைக் குறி. கோக்க வேண்டியது ஒன்றுமில்லை. உலகத்தின் மட்டமான மென்பொருளிலும் எழுத்துரு இருந்தால் உடையாமல் வரும். கணக்குப்பிள்ளைகள் அவசரத்துக்குச் சுருக்கி எழுதிய குறி கம்ப்யூட்டர் காலத்துக்கு இப்படிப் பொருந்தும் என்று யார் நினைத்தார்கள்?

இப்போது சண்டைக்கு வருவோம்.

2025 மார்ச் 13 அன்று தமிழ்நாடு பட்ஜெட்டின் இலச்சினை வெளியானது. ₹ இருந்த இடத்தில் 'ரூ' இருந்தது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? டெல்லியில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கண்டித்தார். ₹ குறியை வடிவமைத்த உதயகுமாரே ஒரு முன்னாள் திமுக எம்.எல்.ஏ.வின் மகன்தானே என்று கேட்டார்கள். இந்தப் பக்கத்தில் தமிழ் எழுத்தைத் தமிழ்நாட்டில் எழுதினால் என்ன குற்றம் என்று கேட்டார்கள். வாட்ஸப்பில் மூன்று நாள் தூக்கம் போச்சு.

அந்த மூன்று நாளில் எனக்கு வந்த ஃபார்வர்டுகளில் ௹ என்ற குறியை நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. 22 வருடமாக யூனிகோடில் ரூபாய்க்குத் தமிழ்க் குறி உட்கார்ந்திருக்கிறது. தமிழுக்காகச் சண்டை போட்டவர்களும் அதை எழுதவில்லை, தேசியத்துக்காகச் சண்டை போட்டவர்களும் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் சண்டை குறியைப் பற்றியதே இல்லை. குறியை வைத்து வேலை செய்பவனுக்குத்தான் குறி தேவைப்படும். இலச்சினையில் போடுபவனுக்கு எது போட்டாலும் ஒன்றுதான், அது படம்.

தமிழ்ப்பற்று என்று சொல்கிறோம். வங்கிக்காரன் அகராதியில் பற்று என்றால் கணக்கிலிருந்து எடுத்தது. பற்று ஏறிக்கொண்டே போய் வரவு ஒன்றும் இல்லை என்றால் அந்தக் கணக்கை என்ன சொல்வோம் தெரியும்தானே? அதுதான் நம் தமிழ்ப்பற்று. எடுத்துக்கொண்டே இருக்கிறோம். மேடைக்கு, ஓட்டுக்கு, லைக்குக்கு. தினமும் செய்யும் வேலையில் ஒரு குறியைப் போட்டு வரவு வைத்தவர் எத்தனை பேர்?

அடுத்து எதிர்க்கட்சிகள். மூன்று பார்ட்டி இருக்கிறது.

முதல் பார்ட்டி: "இந்தக் குறியெல்லாம் யாருக்கு சார் தெரியும்?" நல்ல கேள்வி. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ₹ குறிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூலை 14 அன்று அந்தக் குறி பொதுஜனத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? போட்டிக்கு வந்த பல வடிவங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். இன்று கொத்தமல்லி விற்கும் பாட்டி சிலேட்டில் ₹10 என்று எழுதுகிறார். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பார்த்தார்கள், பழகினார்கள். குறி தெரிந்தபின் பயன்படுத்துவது என்பது நீச்சல் தெரிந்தபின் ஆற்றில் இறங்குவது மாதிரி. அதோடு, சாய்சதுரம் மட்டும் யாருக்குத் தெரியும்? அதற்கும் ஓரத்தில் விளக்கம் போடத்தானே செய்கிறோம்? அந்த விளக்கத்தை ஒவ்வொரு கிராஃபிலும் புதிதாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இன்று டெபாசிட்டாக இருக்கும் சாய்சதுரம் நாளை வாராக்கடன் ஆகும். ௶ என்றைக்கும் பற்றுதான். ஒருமுறை படித்தால் போதும்.

இரண்டாம் பார்ட்டி, டிசைன் படித்தவர்கள்: "கிராஃபில் அலங்காரம் கூடாது, எட்வர்ட் டஃப்டி 1983-லேயே இதைக் குப்பை என்று சொல்லிவிட்டார்." சொன்னார், சரியாகத்தான் சொன்னார். தகவல் எதுவும் சொல்லாத மையைத்தான் அவர் குப்பை என்றார். பணமூட்டைப் படம், உண்டியல் படம், கோபுரப் படம் போடுபவர்களுக்கு அது நல்ல சவுக்கடி. அவர்கள் இரண்டு மடங்கு பணத்தைக் காட்ட மூட்டையை இரண்டு மடங்கு உயரமாக்குவார்கள், கூடவே அகலமும் இரண்டு மடங்கு ஆகும், கண்ணுக்கு நாலு மடங்கு தெரியும். 1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூரத் படக்குறிகளால் புள்ளிவிவரம் காட்டியபோதே விதி போட்டுவிட்டார், அளவு கூடினால் குறியின் எண்ணிக்கையைக் கூட்டு, குறியைப் பெரிதாக்காதே என்று. நான் கேட்பது மூட்டை இல்லை. எழுத்து. அர்த்தமுள்ள எழுத்து இருக்கும் இடத்தில் அர்த்தமில்லாத முக்கோணம் இருந்தால் குப்பை எது, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் பார்ட்டி, நம் ஆட்களே: "2003-ல் ஏற்றிய வடிவமே சரியில்லை, பழைய சுவடியில் வேறு மாதிரி இருக்கிறது." வாஸ்தவம்தான். 2019 தொகுதியில் வரவுக்கும் எண்ணுக்கும் மரபு வடிவம் என்று தனியாகவே குறி கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கிராஃபின் தலைப்பில் ஒரு வரி எழுதுங்கள், முடிந்தது. சரியான வடிவம் எது என்று தீர்ப்பு வரும்வரை சாய்சதுரமே இருக்கட்டும் என்பது, பெண்ணுக்கு ஜாதகம் பார்த்தே அறுபது வயதாக்கும் கதை.

சரி, திட்டினால் மட்டும் போதாது. எப்படி வைப்பது என்றும் சொல்ல வேண்டும். அரைகுறையாக வைத்தால் சாய்சதுரமே தேவலை என்று ஆகிவிடும்.

ஒன்று, குறி புள்ளியின் நடுவில் உட்கார வேண்டும். எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் தொடக்கப்புள்ளி இடது ஓரத்தில், அடிக்கோட்டில் இருக்கும். கோட்டுருவமாக மாற்றி அப்படியே வைத்தால் குறியின் மூலைதான் அளவின் மேல் விழும், உடம்பு வலப்பக்கமும் மேலும் தள்ளி நிற்கும். மார்ச் மாதப் பாக்கி ஏப்ரலில் இருப்பதுபோல் தெரியும். உருவத்தின் நடுவைக் கண்டுபிடித்து அந்த அளவு நகர்த்திய பிறகே வையுங்கள். கணக்குப் பார்ப்பவனுக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை, நேர்மைப் பிரச்சினை.

இரண்டு, எல்லாப் புள்ளியிலும் வைக்காதீர்கள். அறுபது மாதத்துக்கு அறுபது ௷ வைத்தால் எறும்பு ஊர்வலம் மாதிரி இருக்கும். கோட்டுக்குச் சின்னப் பொட்டு போதும். எங்கே விளக்கம் சொல்ல வேண்டுமோ, பெரிய தொகை எடுத்த மாதம், மொத்தமாகக் கட்டிய மாதம், அங்கே மட்டும் குறி. கோட்டின் முடிவில் ஒன்று.

மூன்று, சின்னதாக்காதீர்கள். ௷ வளைவு சுழிவு நிறைந்த குறி. பொட்டு அளவுக்குச் சுருக்கினால் மைக்கறை ஆகிவிடும். ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிலும் ௶ எது, ௷ எது என்று தெரிந்தால்தான் பாஸ்.

நான்கு, எழுத்துருத் தில்லுமுல்லு வேண்டவே வேண்டாம். ₹ அறிவித்த சூட்டோடு ஃபோராடியன் என்ற நிறுவனம் ஒரு எழுத்துரு விட்டது ஞாபகமா? டேப் விசைக்கு மேல் இருக்கும் விசையைத் தட்டினால் ரூபாய் வரும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ரூபாய் இருக்கும் இடத்தில் ஒரு சாய்ந்த கோடு நிற்கும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் காலத்தில் நாம் பட்ட அதே பாடு. அதே வருடம் அக்டோபரில் யூனிகோடு 6.0-ல் ₹ ஏறியதும் அந்தத் தேவையே போனது. யூனிகோடு எண் உள்ள குறியை மட்டும் போடுங்கள். கடைசி வெளியீட்டில் குறியைக் கோட்டுருவமாகவே வைத்தால் எங்கே திறந்தாலும் பெட்டி வராது.

இந்த நாலு விதியோடு அந்த டுவாக்ரா குழுவுக்கு ஒரு வருடக் கணக்கைப் போட்டு அனுப்பினேன். வங்கி மூலம் இல்லை, குழுவின் நோட்டில் இருந்த எண்களை வாட்ஸப்பில் படமாக வாங்கி. சேமிப்புக் கோட்டில் ௷. பாக்கிக் கோட்டில் ௶, அதுவும் தவணை தவறிய மூன்று மாதத்தில் மட்டும். அந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, தெலுங்குதான். நான் பயந்தது அதற்குத்தான். ஆனால் நடந்தது வேறு. குறி தமிழ் படித்தவர்களுக்கும் புதிது, தெலுங்கு படித்தவர்களுக்கும் புதிது. அக்கா ஒருமுறை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இது ஜமா, இது பாக்கி. அவ்வளவுதான். 'வரவு' என்று தமிழில் எழுதியிருந்தால் பாதிப் பேர் வெளியே நின்றிருப்பார்கள், தெலுங்கில் எழுதியிருந்தால் மீதிப் பாதி. யாருக்கும் முன்பே தெரியாத அந்த உருவம் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது.

இதிலிருந்து மொழிக் காவலர்களும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். சத்தியவேட்டில் தமிழ் நிற்க வேண்டும் என்றால் அது தெலுங்கைத் திட்டுவதால் நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தெலுங்குக்காரருக்கும் உபயோகமாக இருந்தால் நிற்கும். கணக்குக் குறிக்கு அந்தத் தகுதி எப்போதும் உண்டு. கணக்கு யாருக்கும் பொது.

ஆகவே தமிழ்நாட்டு அரசுக்கும், தமிழ்க் கணிமைக்கு வேலை செய்பவர்களுக்கும், வங்கித் தலைமையகங்களில் கண்ணாடி ரூமில் இருப்பவர்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுதான். மாநாடு வேண்டாம். மலர் வேண்டாம். இலச்சினை வேண்டவே வேண்டாம். கிராஃப் போடும் மென்பொருள்களுக்கு ௶ ௷ ௹ குறிகளை நடுவில் உட்கார வைத்த, அளவு சரிபார்த்த ஒரு சின்னத் தொகுப்பைச் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி விடுங்கள். இரண்டு பேர், ஒரு வாரம் வேலை. கூட்டுறவு வங்கியின் சுவர்த்தாளில், குழுக் கணக்கில், பஞ்சாயத்து வரவு செலவு போர்டில் அதைப் போடச் சொல்லுங்கள்.

அதுவரை, இதைப் படிக்கும் வங்கிக்காரர்களே, ஆடிட்டர்களே, கணக்கு வாத்தியார்களே, ஆராய்ச்சி மாணவர்களே.. வருகிற திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்குக்குப் போடும் கிராஃபில் ஒரே ஒரு இடத்தில் ௷ வையுங்கள். யாராவது "இது என்னப்பா?" என்று கேட்பார்கள். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு நிமிஷம்தான் தமிழ்க் கணக்கில் நீங்கள் வைக்கும் வரவு.

பி.கு 1: மேட்பிளாட்லிப்புக்கான அந்தப் பத்து வரி வேண்டும் என்பவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

பி.கு 2: '௶ போடுவதால் தமிழ் வளர்ந்துவிடுமா' என்று கேட்க வரும் அனானி அண்ணாச்சிக்கு: வளராது. ஆனால் பாக்கி எது, சேமிப்பு எது என்று ஒரு குழுவுக்குத் தெரியும். எனக்கு அது போதும்.